குட்டியை ஏற்றாதே

இது நடந்தது. போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. நம்பாதவர்கள் கலையரசனைக் கேட்கலாம். ஜவ்வாது மலை என்றதுமே போனை வைத்துவிடுவார்.

அந்த மலையில் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சிறப்புக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி. பிள்ளைகளின் மனசு தேறட்டும் என்று ஓர் அறக்கட்டளை அங்கே குள்ளக் குதிரை ஒன்றை விட்டிருந்தது. இடுப்பளவு உயரம். வயசு பதினேழு; அந்த இனமே அவ்வளவு உயரம்தான். ஊர் அதைக் குட்டி என்றே கூப்பிட்டது. டீச்சர் ஜெயசுதா திருத்தித் திருத்தி அலுத்துப்போனாள்.

அம்மா செத்து இரண்டு வருஷமாக வாய் திறக்காத சின்னக்குழந்தை என்கிற ஒன்பது வயதுக்காரி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாள்.

மாலை 4.05. அறக்கட்டளைக் கலையரசன் வேனோடு வந்தார். யாரோ பெரிய மனிதர் வீட்டுப் பிறந்தநாளாம். குதிரை வேண்டுமாம். திரும்பி வராதாம்.

"இந்தப் புள்ளைக்கு இன்னா சார் பதில் சொல்றது?" ஜெயசுதா சின்னக்குழந்தையைக் காட்டினாள்.

"அதுவும் வரட்டும் மேடம். போட்டோவுக்கு நல்லாருக்கும்."

குதிரையோடு ஒட்டிக்கிடந்தவளையும் சேர்த்து ஏற்றிக் கதவைப் பூட்டினார். ஜெயசுதாவுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வாய்க்கு வந்ததைக் கத்தினாள்.

"குட்டிய ஏத்திட்டல்ல? அம்மாக்காரி வந்து உன்ன இன்னா பண்றா பாரு!"

"வரச் சொல்லுங்க. அதையும் ஏத்திக்கிறேன்."

4.12. பனி இறங்கியது. வண்டி கிளம்ப மறுத்தது. கிர்ர்... கிர்ர்...

அப்புறம் வேறொரு சத்தம்.

டக்... சர்ர்ர்... டக்...

குதிரை என்றால் நாலு கால் கேட்கும். இது ஒன்று. பிறகு எதையோ இழுக்கிற ஓசை.

"யார்றா அது?" கலையரசன் இறங்கினார்.

ஆள் இல்லை.

சத்தம் வேனை ஒரு சுற்று சுற்றியது.

பின்கதவில் நின்றது...

உள்ளேயிருந்து சின்னக்குழந்தை பேசினாள். தெளிவாக.

"வர்றேம்மா."

கதவு திறந்தது.

சாவி கலையரசன் கையில்.

அவர் ஓடினார். அவள் இறங்கிப் பனிக்குள் நடந்தாள். ஒரு கை மேலே நீண்டிருந்தது, யாரோ பிடித்திருப்பதுபோல். மறு கையை ஜெயசுதா பாய்ந்து பிடித்தாள்.

அந்தப் பக்கம் இழுத்தது...

ஜெயசுதா விடவில்லை.

4.19. இழுப்பு நின்றது.

சமையல் குப்பம்மா சின்னக்குழந்தையின் ஊர்க்காரி. ஜெயசுதா அவளிடம்தான் சொன்னாள்: "குட்டின்னு குதிரையத்தான் சொன்னேன். அதோட அம்மா வருவான்னு கோவத்துல சும்மா கத்துனேன்க்கா."

குப்பம்மா அடுப்பை அணைத்தாள்.

"இன்னா காரியம் பண்ணிட்ட டீச்சர். அந்தப் பொண்ண அவ அம்மா ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்ட்டதே இல்ல. எப்பவும் குட்டிதான்."

கதவைத் தாழிட்டுவிட்டு வந்து சொன்னாள்.

"அவ அம்மா ஒரு கால் வெளங்காதவ. கம்பு ஊனி, கால இழுத்துக்கினுதான் நடப்பா."