செய்யாற்று வண்டலில் இறங்கிய நாள்

காலை ஏழு மணிக்குச் செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். உத்திரமேரூருக்கு டிக்கெட் இரண்டரை ரூபாய். மடியில், கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய கதிர்வீச்சு அளக்கும் கருவி. சோவியத் நாட்டில் அணு உலை வெடித்த வருஷம் அது. அந்தத் தூசு மழையில் இறங்கி, செய்யாற்று வெள்ளத்தோடு வந்துவிட்டதென்று காவாந்தண்டலத்தில் எந்தப் புண்ணியவானோ கிளப்பிவிட்டிருந்தான். என் மனைவியின் சித்தப்பா செங்கல்வராயன் மாமா, வழக்கம்போல வெள்ளம் வடிந்ததும் கரையில் படிந்த வண்டலை வண்டி வண்டியாக நிலத்தில் அடித்திருந்தார். இப்போது நடவுப் பெண்கள் ஒருவரும் இறங்கமாட்டேன் என்கிறார்கள்.

உத்திரமேரூரில் பஸ் மாறி, பதினோரு மணிக்குக் காவாந்தண்டலம் போய்ச் சேர்ந்தேன். வண்டல் ஒரு வாளி எடுத்துவைக்கச் சொல்லி அனுப்பியிருந்தேன். மாமாவின் மனைவி, அத்தை, கொண்டுவந்த வாளியில் பளபளவென்று வெறும் மணல்!

"ஒரே சேறு மாப்ள. பஸ்ல எடுத்துக்கினு போனா வேட்டி பாழாயிடுமேன்னு, நாலு தண்ணி வுட்டு அலசி வச்சேன்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எனக்கு வேண்டியதே அவர் அலசிக் கொட்டிய சேறு. அந்தத் தூசு பருமணலில் அவ்வளவாக ஒட்டாது. நைசான களிமண்ணைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளம் அதை அரித்துச் சுமந்துவந்து, வேகம் குறைகிற வளைவிலும் வயலிலும் இறக்கிவைக்கும். ஆக, விஷம் இருந்தால் மாமாவின் வண்டலில்தான் இருக்கும்.

வயலுக்குப் போனோம். பறித்த நாற்று முடிச்சுகள் வரப்பில் வாடிக்கொண்டிருந்தன. வண்டலில் கருவியை வைத்தேன். டிக்... டிக். வெள்ளம் ஏறாத மேட்டு மண்ணிலும் அதே அளவுதான். கோயில் கருங்கல் படியிலோ அதைவிட அதிகமாகவே அடித்தது. கருங்கல்லுக்கு அது இயற்கை என்றேன். அப்பாடா என்றிருந்தது.

"அந்தப் படிமேலதான் தெனம் குந்திக்கினு வெத்தல போடறோம்," என்று நடவுப் பெண்களில் ஒருத்தி சிரித்தாள்.

நடவுக்குத் தலைமையான வள்ளி சிரிக்கவில்லை. "மிஷின் சொல்றது கெடக்கட்டும் சார். நீ எறங்குவியா?"

மாமா என் முகத்தையே பார்த்தார். செருப்பைக் கழற்றினேன், வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். முழங்கால்வரை ஜில்லென்று ஏறியது வண்டல். வள்ளி ஒரு நாற்று முடிச்சை என் கையில் திணித்துவிட்டு, பின்னாலேயே இறங்கினாள். அப்புறம் எல்லோரும் இறங்கினார்கள்.

செங்கல்பட்டில் வாசலில் துளி சேறு பட்டால் முகம் சுளிக்கிறவன் நான். அன்று நாலு மணி பஸ் போன பிறகும் வயலிலேயே நின்றிருந்தேன். நான் நட்ட வரிசை மகா கோணலாம். வள்ளி திட்டிக்கொண்டே மொத்தத்தையும் பிடுங்கி மறுபடி நட்டாள்.