சூரனைத் தூக்குகிறவர்கள்

நெல்லித்தோப்பில் பஸ் நகரவில்லை. நடுரோட்டில் சூரசம்ஹாரம் நடக்கிறது. எங்கள் ஊரில் வருடா வருடம் முருகன் பல்லக்குக்குத் தோள் கொடுக்கிறவன் நான். இந்த வருடம் ஆபீஸ் வேலை என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்க்கிறேன்.

சூரன் பொம்மை மாடி உயரம் இருக்கிறது. யானைத் தலையை எடுத்துவிட்டு இப்போது சிங்கத் தலை மாட்டியிருக்கிறார்கள். மூங்கிலைத் தோளில் தாங்கியவர்கள் ஓடிவந்து, முருகன் பல்லக்கின் முகத்துக்கு நேரே நின்று அவனைக் குலுக்குகிறார்கள். பல்லக்கு ஓரடி பின்வாங்குகிறது. கூட்டத்தில் ஒரு சத்தம் இல்லை. என் தோளில் இருக்கும்போது முருகனுக்காக யாரும் இப்படிப் பயந்ததே கிடையாது. எனக்கு வயிறு எரிகிறது.

சூரனைத் தூக்கியவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்து தண்ணீர் குடிக்கிறார். மூங்கில் அழுத்திய இடம் சிவந்திருக்கிறது.

"எங்க ஊர்ல சூரன டிராக்டர்ல வச்சித்தான் கொண்டாருவோம்" என்கிறேன்.

"அப்ப உங்க சாமி யாரோட சண்ட போடுது? டிரைவரோடவா?"

"நீங்க சாமி பக்கம் தூக்கறது இல்லியா?"

"இதுக்கும் விரதம் இருந்துதான் வரோம். ஆனா சாமியாச்சேன்னு வுட்டுக்குடுக்க மாட்டோம்" என்றபடி மறுபடி மூங்கிலுக்கு ஓடுகிறார்.

ஊரிலிருந்து தம்பி போன் செய்கிறான். "அண்ணா, இங்க சம்ஹாரம் முடிஞ்சிடுச்சி. எப்பவும் போல சீக்கிரமா முடிஞ்சிடுச்சி, ஒரு பிரச்சனையும் இல்ல."

சந்தோஷமாகத்தான் சொல்கிறான். இங்கே சிங்கத் தலையைக் கழற்றிச் சூரனின் சொந்தத் தலையை மாட்டுகிறார்கள். முருகன் இன்னும் ஜெயிக்கவில்லை.