ஜிஜாவின் நைட்டியும் பொன்னுதாஸின் துவர்த்தும்

ஜிஜா என்ற பெயரை நான் முதலில் கேட்டது காரோட்டுச் சபையில், அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை. போதகர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பேரு வேதத்துல எந்த அதிகாரத்துல வருது?" என்று கேட்டார். அவள் அம்மா சுகிர்தபாய் எனக்குச் சித்தப்பா மகள். "இனிமே வாற அதிகாரமாக்கும் ஐயா" என்றாள். அந்த வாய்தான் மகளுக்கும் வந்தது.

அவளைப் பொழியூரில் பிஜுவுக்குக் கட்டிக்கொடுத்தோம். பிஜு மீன்பிடிக்க வள்ளத்தில் போவான். இவள் முற்றத்தில் மீன் வெட்டி விற்பாள். கடல் ரோட்டைத் தின்றபின் முற்றத்துக்கு ஆள் வருவது நின்றது. அதனால் ஜிஜா போனைத் தேங்காய்க் குவியலில் சாய்த்து வைத்து, காலையில் மீன் வெட்டுவதை நேரலையில் காட்டினாள். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் இருப்பவர்கள் பார்த்து, "அந்தச் சூரை எனக்கு" என்று எழுதுவார்கள். பிஜு சுற்றுவழியில் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பான். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் போனால்தான்.

ஒருநாள் அந்த வீடியோ கம்பெனியிலிருந்து அறிவிப்பு வந்தது. ஆபாசக் காட்சி, வீடியோ நீக்கப்பட்டது, மூன்று முறை ஆனால் கணக்கே போய்விடும். என்ன ஆபாசம்? நைட்டி போட்ட ஒருத்தி குனிந்து சாளைக்குச் செதில் உரசியிருக்கிறாள். மறுநாள் துவர்த்தை, அதுதான் குளிக்கிற துண்டை, தோளில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். வியர்வை துடைக்க அதை எடுத்தாள், இரண்டாவது அறிவிப்பும் வந்துவிட்டது. தோள்சீலைக் கலகக் காலத்தில், மேலே துணி போட்டதற்காக எங்கள் வம்சத்துப் பெண்கள் அடி வாங்கிய சீமை இது. இப்போது போட்ட துணி போதாதாம்.

புகார் கொடுத்தவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. என் நாத்தனாரின் கொழுந்தன் பொன்னுதாஸ், சபை முற்றத்தில் தானே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு சேனல் உண்டு. குளத்துத் தண்ணீரில் நோய் தீர்ப்பது எப்படி என்று, இடுப்பில் ஒற்றைத் துவர்த்தோடு முங்கி எழுந்து பேசுவார். நனைந்த துவர்த்து எதையும் மறைக்காது.

ஜிஜா அவரிடமே போய் நின்றாள். "மாமா, நான் மீன் வெட்டுதத முழுசும் பாத்தியளோ?"

"பாத்தாத்தானே மக்கா புகார் குடுக்க ஒக்கும்."

"ரெண்டு நாளும் பாத்தியளோ?"

"ஒரு நாள் மட்டும் பாத்துட்டு எப்படி உறுதியாட்டு சொல்லதுக்கு?"

ஜிஜாவும் அவருடைய குளியலைப் புகார் செய்தாள். 'விதிமீறல் இல்லை' என்று பதில் வந்தது.

அன்று நான் அவள் வீட்டில் இருந்தேன். ஜிஜா அந்த நைட்டியைக் கொண்டுவந்து பிஜுவின் மடியில் போட்டாள்.

"இத இட்டோண்டு நீங்க வெட்டுங்க. உங்க கணக்குல காட்டிப் பாப்போம்."

"எடி, வள்ளத்துல உள்ளவன் என்னையக் கண்டா சிரிப்பாம்லா?"

"கடை பூட்டினா சோறு அவனாக்கும் தரப்போறான்?"

பிஜு போட்டுக்கொண்டான். நெஞ்சு மயிர் முழுவதும் ஊருக்குத் தெரிந்தது. நைட்டியின் அடியைத் தூக்கி முகம் துடைத்தான், தொடையும் தெரிந்தது. அவன் வெட்டிய மீன் நாய் கடித்தது போல இருந்தது. மாலைவரை காத்திருந்தும் ஒரு அறிவிப்பும் இல்லை. பொன்னுதாஸ் சிரிக்கிற பொம்மை ஒன்று மட்டும் அனுப்பியிருந்தார்.

ஜிஜா பிஜுவின் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரியம்மே, நைட்டி ஒண்ணுதான், கழுத்தும் ஒண்ணுதான். மாறினது இந்த மீசை மட்டுமாக்கும்."

"வேற மாற்றமும் உண்டு மக்கா" என்றேன்.

"அது கேமராவுல தெரியல்லையே."

மறுநாள் காலை கண்மையை எடுத்து, இரண்டு முனையும் முறுக்கினாற்போல் மூக்கின் கீழே வரைந்துகொண்டாள். தன் கணக்கில்தான் காட்டுவேன் என்றாள். இதையும் நீக்கினால் மூன்றாவது முறை, கடையே இல்லை. பிஜு கையைப் பிடித்துத் தடுத்துப் பார்த்தான், அவள் கேட்கவில்லை. அதே நைட்டி, துவர்த்தைக் கொடியிலேயே விட்டுவிட்டாள். நன்றாகக் குனிந்து நெய்மீன் வெட்டினாள். நெய்யாற்றின்கரைக்காரன் ஒருவன், "சேட்டா, சாளை உண்டா?" என்று அண்ணன் முறை வைத்து எழுதினான்.

"உண்டு மோனே" என்றாள் ஜிஜா, மீசையைத் தடவிக்கொண்டு.

பொன்னுதாஸ் அன்றும் முழுதாகப் பார்த்துவிட்டுப் புகார் கொடுத்தார். இந்தத் தடவை 'விதிமீறல் இல்லை' என்ற பதில் அவருக்குப் போனது.

ஜிஜா இப்போதும் பொழியூரில்தான் இருக்கிறாள். காலையில் பல் தேய்த்து, மீசை வரைந்து, மீன் வெட்ட உட்காருகிறாள்.