வெளியே நின்றுவிட்ட கத்தி

பில் பிரிண்டர் ரிப்பேர் செய்கிறவனுக்குச் சாப்பாட்டு வேளை கிடையாது; ஊர் சாப்பிடுகிற வேளையில்தான் மெஷின் படுக்கும். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு, நின்றபடி சாப்பிடும் பெங்களூர் ஹோட்டல்களெல்லாம் இந்த மெஷினை வாங்கிப் போட்ட சமயம். தொம்மலூரில் ஒரு ஹோட்டலில் ஒரே வாரத்தில் நடந்தவை இவை.

தோசைத் திருப்பி

பேப்பர் வெளியே வரும் வாயில் சின்னக் கத்தி ஒன்று உண்டு. பில்லை நறுக்கிவிட்டு அது உள்ளே போய்விட வேண்டும். பாதியில் நின்றால் மூடி திறக்காது. நான் போனபோது முதலாளி தோசைத் திருப்பியால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தார். பில் போடும் மரகதம் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் புருஷன் சாரத்திலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

மெஷினின் பக்கவாட்டில் ஒரு பல்சக்கரம் இருக்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. செத்த மெஷின் ஒன்றைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. விரலால் சுற்றினேன். கத்தி உள்ளே போனது, மூடி திறந்தது. அடுத்த இடத்துக்கு அவசரம். டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் கிளம்பினேன். பார்த்திருக்க வேண்டும். முதலாளி மரகதத்திடம் சொன்னார்: "நீ பில்லை வெடுக்குன்னு இழுக்கறதாலதான் மாட்டுது. இன்னொரு வாட்டி மாட்டுச்சு, வேற வேலை பாத்துக்கோ."

ஒரு காபி

இரண்டு நாள்தான் தாங்கியது. இந்த முறை கத்தி வெளியே வரவே இல்லை. பில்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரயில்பெட்டி மாதிரி வந்தன. முதலாளி சந்தாபுரா போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் சரியாக வேண்டுமென்று மரகதம் எனக்குப் போன் செய்துவிட்டு, கையால் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவசரத்தில் மூன்று பில் சேர்ந்தாற்போல் ஒரே ஆளின் கைக்குப் போய்விட்டது. கழுத்தில் ஐடி கார்டு தொங்கிய இளைஞன். அவன் அதை அப்படியே நீட்ட, உள்ளேயிருந்து எட்டு இட்லி, மூன்று வடை, கேசரி என்று தட்டுத் தட்டாக அவன் முன்னால் வந்தன. நானும் முதலாளியும் உள்ளே நுழையவும் அவன் கேட்கவும் சரியாக இருந்தது: "அக்கா, நான் ஒரு காபிதானே கேட்டேன்? இங்கே யாராச்சும் பொண்ணு பார்க்க வந்திருக்காங்களா?"

மூன்று பொட்டு

எல்லோரும் சிரித்தார்கள், முதலாளியைத் தவிர. "நாளையிலேர்ந்து வராதே" என்றார். மரகதம் டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள்.

நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். கத்தியின் விளிம்பில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். ஆயுத பூஜை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

வாயைத் திறந்தால் ஒரு வாடிக்கை போகும். மனைவி போனபின் மத்தியானச் சாப்பாடும் எனக்கு அங்கேதான். ஆனாலும் கேட்டேன்: "சார், மெஷினுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

"நானேதான்!" என்றார் பெருமையாக. "சந்தனம் குங்குமம் கொழைச்சு, அந்த வாய்க்கிட்டயே மூணு பொட்டு."

கத்தியைத் துடைத்த துணியை அவரிடம் நீட்டினேன். மரகதமும் எட்டிப் பார்த்தாள். அவர் துணியைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். "சாமி காரியத்துல யாரையும் குத்தம் சொல்லக்கூடாதுப்பா. மரகதம், ஸ்வல்ப அந்தப் பையைக் கீழே வெச்சுட்டு அடுத்த பில்லைப் போடும்மா."

மெஷினில் சிக்கிய கத்தியை எடுக்க என்னிடம் வழி இருந்தது. முதலாளிகளின் தொண்டையில் சிக்கிய 'என் தப்பு' என்ற வார்த்தையை எடுக்க இன்றுவரை ஒரு கருவியும் கிடைக்கவில்லை.