சிவப்புடல் அழகி

ஏற்காட்டுக்குப் பட்டாம்பூச்சி பார்க்க வருகிறவர்கள் அமுதவல்லியைத் தேடிப் போவார்கள். கரடியூர் போகும் வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் நாற்றங்கால் வேலை பார்க்கிறவள். ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பூச்சிகளைப் பறக்கும்போதே பிரித்துச் சொல்லிவிடுவாள். வாட்ஸப்பில் படம் அனுப்பினால் வேலைக்கு நடுவிலும் பதில் வரும். சிவப்புடல் அழகியா, கறிவேப்பிலை அழகியா என்று கேட்டால் மட்டும், "படம் தெளிவா இல்லீங்க" என்று முடித்துவிடுவாள்.

இரண்டுக்கும் கறுப்பு இறக்கை, அதில் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள். சிவப்புடல் அழகிக்கு உடம்பும் சிவப்பு. அதற்கு விஷம் உண்டு, பறவைகள் தொடாது. கறிவேப்பிலை அழகியில் சில பெண்பூச்சிகள் அதைப்போலவே வேஷம் கட்டித் தப்பிக்கும். உடம்பு மட்டும் கறுப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் பூச்சிக் கணக்கெடுப்பு நடந்தது. அமுதவல்லியோடு முருகேசனைச் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். வாழவந்திக்காரர், அதே எஸ்டேட்டில் நிழல்மரங்களின் கிளை கழித்துக் கவாத்து செய்கிறவர். இருவருக்கும் நல்ல கண். அதனாலேயே வழியெல்லாம் வாக்குவாதம்.

சரிவின் மேல் ஓர் ஆரஞ்சு மரத்தைச் சுற்றிவிட்டு ஒரு பூச்சி கீழே இறங்கியது.

"ஒடம்பு செவப்புங்க அம்மிணி" என்றார் முருகேசன்.

"ஆரஞ்சு மரத்துல முட்ட போட வந்ததுங்கண்ணா. கறிவேப்பிலை அழகிதான்."

"நாம் பாத்தேனுங்க."

"நானுந்தான் பாத்தேன்" என்று சொல்லி, அவள் தாளில் எழுதியும் விட்டாள். உண்மையில் அவள் உடம்பைப் பார்க்கவில்லை.

"இருங்க, போட்டா எடுத்துட்டு வந்து காட்டறேன்" என்று அவர் கைப்பேசியோடு சரிவில் இறங்கினார். மழைக்கு மண் இளகிக் கிடந்தது.

அவர் தலை புதருக்குள் மறைந்த பிறகு அந்தப் பூச்சி மேலே வந்தது. அமுதவல்லிக்கு ஒரு கை தூரத்தில், உண்ணிச்செடியில் இறக்கையை விரித்து உட்கார்ந்தது. உடம்பு ரத்தச் சிவப்பு. கூப்பிட வாயெடுத்தாள். அவர் சிரிப்பார், வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார் என்று தோன்றியது. பேசாமல் நின்றாள். அரை நிமிஷம் இருக்கும். கீழே கற்கள் சரியும் சத்தம் கேட்டது.

ஜீப்பில் அவர் தலையை அவள்தான் மடியில் தாங்கி வந்தாள். அடிவாரம் வருவதற்கு முன்பே உயிர் போய்விட்டது.

ஏன் இறங்கினார் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "தெரியலீங்க" என்றாள். அதன்பின் காப்பிச் செடிகளுக்கிடையே கறுப்பு இறக்கை எது பறந்தாலும் அவள் கை வேலையை விட்டுவிடும். உடம்பைப் பார்க்கும்வரை மூச்சு விட மாட்டாள். பார்த்த பிறகும் காதில் அந்தக் கற்கள் உருளும்.

இந்த வருஷம் கணக்கெடுப்பு அறிக்கை அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் 'முருகேசன் நினைவாக' என்று போட்டிருந்தது. அவர் பார்த்த சிவப்புடல் அழகி பட்டியலில் இல்லை; அவள் எழுதிய கறிவேப்பிலை அழகிதான் இருந்தது. கணக்கெடுப்பை நடத்திய ஜெயபிரகாஷிடம் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்டாள். "ஒரு பூச்சிதானுங்களே, விடுங்க" என்றார் அவர்.

அன்று மாலையே பஸ் ஏறி வாழவந்திக்குப் போனாள். முருகேசனின் மனைவி பாவாயி, அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள், வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். அமுதவல்லி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பூச்சி திரும்பி வந்ததையும், தான் பேசாமல் நின்றதையும்.

பாவாயி கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். பிறகு, "அன்னைக்குக் காத்தால நாந்தான் காட்டுச் சுண்டக்காய் பறிச்சிட்டு வரச் சொன்னேன்" என்றாள். "அதுக்குத்தான் எறங்குனாருன்னு இருந்தேன். நாந்தான் கொன்னுட்டேன்னு ரெண்டு வருசமா இந்த ஊட்டுல சோறு எறங்குல எனக்கு. நீ தெனமும் என்னயப் பாத்துட்டுத்தான இருந்தே?"

"அண்ணி..."

"கூப்புட்டிருந்தா திரும்பியிருப்பாரா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அமுதவல்லி சொல்லவில்லை.

"திரும்பியிருப்பாருங்க அண்ணி."

பாவாயி தலையாட்டினாள். மீதி விறகையும் எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.