அண்ணன் கடை முதலில்

செமாராங் நகரில் சோத்தோ சூப்புக் கடைகள் நடத்தும் ரத்மி அம்மாவிடம் கணினி வேலை பார்த்த பகாஸ்கோரோவுக்கு, தரவின் வகை பிசகினால் சோறு இறங்காது. எண் எண்ணாக இருக்க வேண்டும், பெயர் பெயராக இருக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் ஒரு 2 நுழைந்து பெயராகிவிட்டாலும் கோப்பையே திருப்பி அனுப்பிவிடுவார்.

"அண்ணே, அண்ணியையும் வகை பார்த்துத்தான் கட்டினீங்களா?" என்று கூட வேலை செய்யும் தீக்கா சீண்டுவாள்.

அந்த அண்ணிக்குச் சொந்த ஊரான வொனோசோபோவில் பெண் குழந்தை பிறந்திருந்தது. பகாஸ்கோரோ இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. நோன்பு மாதம் சிக்கலில்லாமல் போனால்தான் பெருநாள் விடுப்பு என்று ரத்மி அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

பில் போடக் கடைக்கொரு கணினி சர்வர். கடைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்தால் போதும், சர்வர்களை ஒரு மென்பொருள் கருவியே உருவாக்கிக்கொள்ளும். தன் அண்ணன் விஜயாவின் கடைதான் முதலில் என்று ரத்மி அம்மா சொன்னதால், பகாஸ்கோரோ வரிசையுள்ள பட்டியலாக எழுதியிருந்தார். அந்த வகையில் கருவிக்குக் கடையைத் தெரியாது, அது எத்தனையாவது இடம் என்பதுதான் தெரியும்.

நோன்பு மாதத்தின் நடுவில் அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது. "அவர் கடையைத் தூக்கிடு" என்றார் ரத்மி அம்மா. பகாஸ்கோரோ முதல் வரியை அழித்தார். வகையெல்லாம் சரி என்றது கருவி. அந்தப் பூரிப்பில், கீழே அது கொட்டிய எச்சரிக்கையைப் படிக்காமலே சம்மதம் கொடுத்தார். இரண்டாவது கடை முதலிடத்துக்கு வர, மூன்றாவது இரண்டுக்கு வர, கருவி எல்லா சர்வர்களையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தது. நோன்பு திறக்கும் நேரம். ஒரு கடையிலும் பில் போட முடியவில்லை.

"எங்க அண்ணனைத்தானேப்பா எடுக்கச் சொன்னேன்? எங்க எல்லாரையும் ஏன் எடுத்த?" என்றார் ரத்மி அம்மா. "ஒழுங்கா சரிபண்ணு. அப்புறம் ஊரைப் பத்திப் பேசலாம்."

அவமானம் தின்ன, பகாஸ்கோரோ எல்லாவற்றையும் பெயரால் அடையாளம் காணும் வகைக்கு மாற்றினார். இனி யாரை எடுத்தாலும் பக்கத்துக் கடை அசையாது. விடுப்பும் கிடைத்தது.

பெருநாளுக்கு முந்தைய நாள் அண்ணன் வந்து மன்னிப்புக் கேட்டார். ரத்மி அம்மா அழுதார், அண்ணன் கடையும் கோப்புக்குத் திரும்பியது. பகாஸ்கோரோ பையைத் தோளில் மாட்டிய சமயம் ரத்மி அம்மா திரையை எட்டிப் பார்த்தார்.

"விஜயா கடை ஏன் கடைசில இருக்கு?"

"இதுல எழுத்து வரிசைம்மா. முன்ன பின்னங்கிறதுக்கு மதிப்பே இல்ல."

"உனக்கு இல்ல. எங்கண்ணன் இப்பதான் சமாதானம் ஆகியிருக்கார். முதல்ல போட்டுட்டுப் போ."

தீக்கா காதோரம் சொன்னாள்: "பேருக்கு முன்னால ஒரு 1 போடுங்கண்ணே, மேல வந்துடும். பஸ் போயிடப் போகுது."

"பேருக்குள்ள எண்ணா?"

"பாப்பா காத்திருக்கு."

பகாஸ்கோரோ கண்ணை மூடிக்கொண்டு அந்த 1-ஐத் தட்டினார். பிறகு படியிறங்கி, பேருந்து நிலையத்துக்கு ஓடினார்.