பெயர் சொல்ல மாட்டோம்

எங்கள் பள்ளியில் செண்பகம் டீச்சரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிள்ளைகளுக்கு அவர் தமிழம்மா. எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நான் கணக்கு வாத்தியார். கரும்பலகை நிறையக் கணக்குப் போட்டுவிட்டுத் திரும்பினால் என் வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அதே நேரம் பக்கத்து அறையிலிருந்து தமிழம்மா வகுப்பின் சிரிப்பு கேட்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாடம் நடத்துகிற இடத்தில் அப்படி என்ன சிரிப்பு?

அவர் ஆற்காட்டுப் பக்கம். எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் கொஞ்ச காலம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேக்கிங்கில் நின்றிருக்கிறார். ஷூவைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டே பக்கத்தில் நிற்கும் பெண்களுக்குப் பழைய பாட்டையெல்லாம் கதையாகச் சொல்வாராம். சூப்பர்வைசர் இடத்தை மாற்றி நிறுத்தினால், அங்கேயும் நாலு பேர் கதை கேட்கச் சேர்ந்துவிடுவார்களாம். அப்புறம்தான் பி.எட்., தேர்வு, எங்கள் அரசு மகளிர் பள்ளி எல்லாம். ஊரும் வேலையும் மாறின, வாய் மாறவில்லை.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சங்கப் பாட்டு என்றாலே வேப்பங்காய். தலைவி கூற்று, தோழி கூற்று என்று மனப்பாடம் செய்து தேர்வுத் தாளில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவிவிடுவார்கள். போன வருடம் தமிழம்மா ஒரு வேலை செய்தார். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து வகுப்புக்கென்று ஒரு வலைப்பூ தொடங்கினார். காதலைப் பேசும் அகப்பாட்டில் யாருடைய பெயரும் வரக்கூடாது என்பது பழைய விதி. அதையே வலைப்பூவுக்கும் விதியாக்கினார். தலைவியாகவோ தோழியாகவோ தாயாகவோ பேசலாம், நம் ஊராக இருக்க வேண்டும், பாட்டுக்குள்ளும் பெயர் கூடாது, எழுதியவள் பெயரும் கூடாது. வலைப்பூவுக்கே ‘பெயர் சொல்ல மாட்டோம்’ என்றுதான் பெயர்.

அவ்வளவுதான். வாயைத் திறக்காத பிள்ளைகளெல்லாம் எழுதத் தொடங்கினார்கள். மதிய மணி அடித்தால் சோற்று டப்பாவைத் திறந்ததும் மூடியதும் தெரியாது, லேபுக்கு ஓட்டம். சாயங்காலமும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். லேப் சாவி என் பொறுப்பு என்பதால் நானும் கிளம்ப முடியாது. முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆனால் அவர்கள் எழுதியதை ஒன்று விடாமல் படித்தேன். ஜாஸ்மின் எழுதிய தோழி கூற்று இது:

கம்பெனி பஸ்கள் எல்லாம் போய்விட்டன.
பிரியாணிக் கடையில்
தேக்சா கழுவும் சத்தமும் அடங்கிவிட்டது.
நாளைக்கு வருகிறேன் என்றவன்
எந்த நாளைக்கு என்று சொல்லவில்லை.
இவள் இன்னும் நிற்கிறாள்,
தண்ணீர் வரும் என்று
காய்ந்து கிடக்கும் பாலாற்று மணலாட்டம்.

ஜாஸ்மினுக்குக் காதலும் கிடையாது, கத்தரிக்காயும் கிடையாது. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தோன்றியது என்றாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எனக்கு எரிச்சல் மட்டும்தான் தோன்றுகிறது.

அந்தப் பாட்டு வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றியது. வேலைக்குப் போகும் ஷூ கம்பெனி பஸ் ஒன்றில் ஒரு பெண் அதை உரக்கப் படித்திருக்கிறாள். நம்ம ஊர் ஸ்கூல் பெண் யாரோ பஸ் ஸ்டாப்பில் ஒருத்தனுக்காக நிற்கிறாள் என்று பஸ்ஸே முடிவு கட்டிவிட்டது. பெயர் இருந்தால் ஒரு வீட்டோடு போயிருக்கும். பெயர் இல்லாததால் ஒவ்வொரு தாயும் அது தன் மகள்தான் என்று நினைத்தாள். மறுநாள் காலை தலைமையாசிரியை அறை வாசலில் தாய்மார்கள் கூட்டம்.

தலைமையாசிரியை பயந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் வலைப்பூவை மூடிவிடுங்கள், லேபையும் பூட்டுங்கள் என்று எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார். எதற்கும் பதில் வைத்திருக்கும் தமிழம்மாவின் முகம் விழுந்துவிட்டது. தாய்மார்களிடம் ஒரே ஒரு தரம் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் கேட்டார்.

முதலில் உள்ளே வந்தவர் வள்ளியம்மாள், பிளஸ் ஒன் பாரதியின் அம்மா. ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த கோபம். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை.

“விடிகாலம் எழுந்து சோறாக்கி டப்பால போட்டுக் குடுக்கறேன் டீச்சர். சாயந்திரம் தொறந்து பாத்தா பாதி சோறு அப்டியே கீது. ஏண்டி துன்னலன்னா பசிக்கலன்றா. பசிக்காத வயசா அது? வூட்டுக்கு வர்றதும் லேட்டு. தூக்கத்துல வேற தன்னால பேசிக்கினு சிரிக்கறா. எம்பொண்ணு பசிய எவன் எடுத்துனு போனான்? அத மட்டும் சொல்லுங்க, நான் போய்ட்றேன்.”

தமிழம்மா அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு வள்ளியம்மாளின் கையைப் பிடித்து லேபுக்கு அழைத்துப் போனார். நான் சாவியோடு பின்னால் ஓடினேன். கம்ப்யூட்டரில் பாரதி எழுதியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக் காட்டினார். ஏலகிரி மழையில் மாட்டிக்கொண்ட தலைவி, மெஷின் சத்தத்தில் ரகசியம் பேசும் தோழிகள், மகள் தூங்கிய பிறகு அவள் காலுக்கு எண்ணெய் தடவிவிடும் ஒரு தாய். எல்லாமே சோற்றை மூடிவைத்துவிட்டு எழுதியவை. உங்கள் பெண்ணின் பசியை எடுத்துக்கொண்டு போனது இதுதான், வேறு எவனும் இல்லை என்றார்.

வள்ளியம்மாள் அந்தத் தாயின் பாட்டை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். கேட்டு முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அவ தூங்கிட்டான்னு நெனச்சித்தான் தடவுவேன்” என்றார். அப்புறம் நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

“மூடாதீங்க மேடம். சோறு துன்னுட்டு எழுதச் சொல்லுங்க, அது போதும்.”

வெளியே நின்ற மற்ற தாய்மார்களுக்கும் அவரே பஞ்சாயத்து பேசி அனுப்பிவைத்தார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். மதியம் டப்பா காலியானதைப் பார்த்த பிறகுதான் லேபைத் திறக்க வேண்டும் என்றார். கணக்கு வாத்தியாரான நான் அன்றிலிருந்து டப்பா சோதிக்கும் அதிகாரியாகவும் இருக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் வள்ளியம்மாளிடம் தமிழம்மா ஒன்று கேட்டார். காலையில் அவர் கோபமாகச் சொன்னதை அப்படியே வலைப்பூவில் போடலாமா என்று. வள்ளியம்மாள் வெட்கப்பட்டார், வேண்டாம் என்றார், அப்புறம் தூக்கத்தில் சிரிப்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். தாய் கூற்று என்று தலைப்பிட்டு, மற்றபடி ஒரு சொல்லையும் திருத்தாமல், அன்று மாலையே தமிழம்மா போட்டுவிட்டார்.

அடுத்த நாள் நடந்ததை அம்மா சொல்லக் கேட்டுப் பாரதி சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள். அதே கம்பெனி பஸ், உரக்கப் படிப்பதும் அதே பெண். எம்பொண்ணு பசிய எவன் எடுத்துனு போனான் என்ற இடம் வந்ததும் இன்னொரு தரம் படி என்று பஸ்ஸே கேட்டதாம். ஒருத்தி அழுதேவிட்டாளாம். யாருடி எழுதினது, என் மனசுல கீறத அப்டியே எழுதிக்கீறாளே என்று முன் சீட்டிலிருந்து ஒருத்தி கேட்டிருக்கிறாள். ஆளாளுக்கு ஒரு டீச்சர் பெயரைச் சொன்னார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வள்ளியம்மாள் டிபன் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “அதுல பேரு சொல்லக்கூடாதாம்” என்றாராம்.